ஹை பவர் எல்இடிக்கு எந்த ரெசிஸ்டர், எந்த ஹீட்சிங்க்?

வீட்டில் எல்இடி விளக்கு செய்து பார்ப்பவர்கள் இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்கிறார்கள். மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்த எத்தனை ஓம் ரெசிஸ்டர் போடுவது? சூட்டை இழுத்துக் காற்றில் விடும் உலோகத் துண்டான ஹீட்சிங்க் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்? முதல் கேள்விக்கு ஓம் விதி (வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் ஓம்) விடை சொல்லிவிடுகிறது. இரண்டாவதற்குக் கையில் கிடைத்த அலுமினியத் துண்டே விடையாகிவிடுகிறது. நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் செய்தேன். இரண்டும் ஒரே கேள்விதான் என்று இப்போது உறுதியாக நம்புகிறேன். அடாப்டரிலிருந்து வரும் ஒவ்வொரு வாட்டிலும் ஒரு பகுதி வெளிச்சமாகிறது, மற்றதெல்லாம் சூடாகிறது. அந்தச் சூடு எங்கே பிறக்க வேண்டும், எந்த வழியாக வெளியேற வேண்டும் என்பதைத்தான் நாம் தீர்மானிக்கிறோம்.

சாதாரண 5 மில்லிமீட்டர் எல்இடியில் இந்தக் கவலை இல்லை. 20 மில்லிஆம்பியர் மின்னோட்டத்தில் அது எடுத்துக்கொள்வது 0.06 வாட்தான். கால் வாட் ரெசிஸ்டர் ஒன்றைச் சேர்த்தால் ஆண்டுக்கணக்கில் எரியும். ஒரு வாட் எல்இடி 350 மில்லிஆம்பியர் கேட்கிறது, பதினேழு மடங்குக்கும் மேல். மூன்று வாட் என்று விற்கப்படுவது பெரும்பாலும் 700 மில்லிஆம்பியரில் ஓடுவது. வெள்ளை, நீல எல்இடிகள் அந்த மின்னோட்டத்தில் ஏறத்தாழ 3.0 முதல் 3.4 வோல்ட் வரை எடுத்துக்கொள்ளும். சிவப்பு 2.0 முதல் 2.4 வோல்ட் வரை. கணக்கின் முறை மாறுவதில்லை, ஆனால் விடையில் வரும் வாட் அளவு முற்றிலும் வேறு.

நான் செய்த முதல் மேசை விளக்கு இதைக் கற்றுக்கொடுத்தது. ஒரு வாட் எல்இடி மூன்றைப் பக்க இணைப்பில் கட்டி, 5 வோல்ட் அடாப்டருடன் 1.8 ஓம் ரெசிஸ்டர் ஒன்றை மூன்றுக்கும் பொதுவாக வைத்தேன். தகர டப்பா மூடியின் மீது இருபுறமும் ஒட்டும் நுரை டேப்பால் அவற்றைப் பதித்தேன். கணக்கு சரியாகத்தான் இருந்தது. சில நாட்களில் ஒரு எல்இடி மட்டும் நீலம் பாய்ந்த வெளிச்சம் தர ஆரம்பித்தது, பிறகு அணைந்தது. அதன் பங்கையும் மற்ற இரண்டும் சுமந்தன. அவையும் நெடுநாள் நிற்கவில்லை.

அந்த ஒரு விளக்கில் இரண்டு தவறுகள் கைகோத்திருந்தன. எந்த இரண்டு எல்இடியும் ஒரே மின்னழுத்தத்தில் ஒரே மின்னோட்டத்தை எடுப்பதில்லை. கொஞ்சம் குறைந்த வோல்ட்டில் திறந்துகொள்வது அதிகம் இழுக்கும். அதிகம் இழுப்பது அதிகம் சூடாகும். சூடாகச் சூடாக அதன் மின்னழுத்தம் டிகிரிக்கு 2 முதல் 4 மில்லிவோல்ட் வரை இன்னும் இறங்கும், ஆகவே இன்னும் அதிகம் இழுக்கும். நல்ல ஹீட்சிங்க் இருந்திருந்தால் இந்தச் சுழல் மெதுவாகியிருக்கும். நுரை டேப்போ வெப்பத்துக்குப் போர்வை. அதன் பிறகு பக்க இணைப்பில் எல்இடிகளைக் கட்டுவதாக இருந்தால் ஒவ்வொரு கிளைக்கும் தனி ரெசிஸ்டர் இல்லாமல் நான் கட்டுவதில்லை.

முதலில் வோல்ட்டைப் பங்கிடுங்கள்

ரெசிஸ்டரின் வகையைப் பற்றிப் பேசுவதற்கு முன், அது எத்தனை வோல்ட்டை விழுங்க வேண்டும் என்பதை முடிவு செய்யுங்கள். எல்லாத் தேர்வுகளிலும் இதுதான் பெரியது. பலர் இதைத் தேர்வாகவே நினைப்பதில்லை. கையில் 12 வோல்ட் அடாப்டர் இருக்கிறது, கையில் ஒரு எல்இடி இருக்கிறது என்று தொடங்கிவிடுகிறார்கள்.

அந்த 12 வோல்ட்டையே எடுத்துக்கொள்வோம். 3.2 வோல்ட் எடுக்கும் வெள்ளை எல்இடி ஒன்றை மட்டும் கட்டினால் மீதி 8.8 வோல்ட். அதை 0.35 ஆம்பியரால் வகுத்தால் 25 ஓம் வரும். கடையில் கிடைக்கும் வரிசையில் அடுத்த மேல் மதிப்பு 27 ஓம். மின்னோட்டம் 326 மில்லிஆம்பியர், ரெசிஸ்டரில் எரியும் திறன் 2.9 வாட். எல்இடிக்கு ஒரு வாட் கொடுப்பதற்காக ரெசிஸ்டரில் மூன்று வாட்டை எரிக்கிறோம். விளக்கைவிட அடுப்பு பெரிது.

இரண்டு எல்இடிகளைத் தொடரிணைப்பில் கட்டினால் மீதி 5.6 வோல்ட், 16 ஓம், 2 வாட். மூன்றைக் கட்டினால் மீதி 2.4 வோல்ட் மட்டுமே. 6.8 ஓம் போதும், எரிவது 0.83 வாட். மொத்த மின்சாரத்தில் 80 விழுக்காடு எல்இடிகளுக்குப் போகிறது.

அப்படியானால் மூன்றுதான் சிறந்தது என்று தோன்றும். நிலையான வோல்ட் தரும் நல்ல அடாப்டராக இருந்தால் நானும் மூன்றையே சொல்வேன். ஆனால் ரெசிஸ்டருக்கு நாம் விட்டுவைக்கும் வோல்ட் வீண் அல்ல. அதுதான் மின்னோட்டத்தைப் பிடித்து நிறுத்தும் கடிவாளம். வோல்ட் குறையக் குறையக் கடிவாளம் தளரும். இதே மூன்று எல்இடி விளக்கை ஒரு காருக்குள் வைத்துப் பாருங்கள். என்ஜின் ஓடும்போது 12 வோல்ட் பேட்டரியின் முனைகளில் 14.4 வோல்ட் வரை வரும். ரெசிஸ்டரின் பங்கு 2.4 வோல்ட்டிலிருந்து 4.8 வோல்ட்டாக இரட்டிக்கும். கணக்குப்படி மின்னோட்டம் 700 மில்லிஆம்பியரைத் தொடும். மின்னோட்டம் ஏறும்போது எல்இடியின் சொந்த மின்னழுத்தமும் கொஞ்சம் ஏறுவதால் நடைமுறையில் 600 அளவில் நிற்கலாம். அதுவும் ஒரு வாட் எல்இடிக்கு மிக அதிகம். என்ஜினை நிறுத்திப் பேட்டரி 11.5 வோல்ட்டுக்கு இறங்கினால் 280தான் ஓடும். இரண்டு எல்இடிகளும் 16 ஓமும் கொண்ட விளக்கு அதே காரில் 320 முதல் 500 வரைதான் ஊசலாடும். சிக்கனம் குறைவு, பாதுகாப்பு அதிகம்.

ஆகவே நான் வைத்திருக்கும் அளவுகோல் இது. வோல்ட் அசையாத அடாப்டர் என்றால் மொத்த வோல்ட்டில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை ரெசிஸ்டருக்கு விடுவேன். பேட்டரி என்றால் மூன்றில் ஒரு பங்குக்குக் குறைய விடமாட்டேன். அந்த இழப்பு பொறுக்காது என்றால் ரெசிஸ்டரையே கைவிட்டு, மின்னோட்டத்தை நிலையாக வைக்கும் டிரைவர் சுற்றுக்குப் போய்விடுவேன்.

பழைய மடிக்கணினியின் 19 வோல்ட் அடாப்டர் பலர் வீட்டில் சும்மா கிடக்கும். இந்த வேலைக்கு அருமையான சாதனம் அது. வோல்ட் அசையாது, ஆம்பியர் தாராளம். ஐந்து எல்இடிகளைத் தொடராகக் கட்டினால் 16 வோல்ட், மீதி 3. கணக்கு 8.6 ஓம் என்று சொல்லும். நான் போட்டது 12 ஓம். தொடக்கத்தில் 250 மில்லிஆம்பியர் ஓடும். சூடேறி ஒவ்வொரு எல்இடியும் 0.15 வோல்ட் இறங்கினாலும் 315ஐத் தாண்டாது. 10 ஓம் போட்டிருந்தால் அதே சூட்டில் 375க்குப் போயிருக்கும்.

மின்னோட்டத்தைக் குறைத்தால் வெளிச்சம் போய்விடுமே என்று தயங்க வேண்டாம். குறைந்த மின்னோட்டத்தில் எல்இடி இன்னும் திறமையாக வேலை செய்யும். 350லிருந்து 250க்கு இறக்கினால் வெளிச்சம் ஏறத்தாழக் கால் பங்குதான் குறையும். கண்ணுக்கு அந்த வேறுபாடு லேசாகவே தெரியும். சூடோ நன்றாகக் குறையும். ஹீட்சிங்க் வாங்குவதற்கு முன் நான் எப்போதும் கேட்டுக்கொள்ளும் முதல் கேள்வி, இந்த எல்இடியை முழு மின்னோட்டத்தில் ஓட்டித்தான் ஆக வேண்டுமா என்பது.

ரெசிஸ்டர் வகைகள்

திறன் கணக்கைச் செய்து, வந்த விடையை இரண்டால் பெருக்கி, அந்த வாட் அளவுள்ள ரெசிஸ்டரை வாங்க வேண்டும் என்பது பழைய வழக்கம். அது நல்ல வழக்கம். ரெசிஸ்டரின் மீது எழுதியுள்ள வாட் அளவு, அது உயிரோடு இருக்கக்கூடிய எல்லையைச் சொல்கிறது. தொட்டுப் பார்க்கும்படி இருக்கும் என்று சொல்லவில்லை. முழு அளவில் ஓடும் பவர் ரெசிஸ்டர் அருகிலுள்ள பிளாஸ்டிக்கை உருக்கும். ஃபிலிம் வகை ரெசிஸ்டர்கள் பொதுவாகச் சுற்றுப்புறம் 70 டிகிரி வரைதான் முழு வாட்டைத் தாங்கும். அதற்கு மேல் தாங்கும் அளவு சீராகக் குறைந்து 155 டிகிரி அளவில் பூஜ்யமாகிவிடும். மூடிய பெட்டிக்குள் எல்இடியும் ரெசிஸ்டரும் சேர்ந்து காற்றைச் சூடாக்கும்போது இது வெறும் ஏட்டு விவரமாக இருப்பதில்லை.

பழுப்பு உடலும் வண்ண வளையங்களும் கொண்ட கால் வாட் கார்பன் ஃபிலிம் இங்கே உதவாது. மூன்று எல்இடி விளக்கின் 0.83 வாட்டை அதில் செலுத்தினால் முதலில் வண்ணம் கருகும், பிறகு பலகை கருகும்.

ஒரு வாட்டுக்குக் கீழே எரியும் வேலைக்கு என் முதல் தேர்வு 2 வாட் அல்லது 3 வாட் மெட்டல் ஆக்சைடு. உருவம் சிறியது, மேல்பூச்சு தீப்பற்றாதது, மதிப்புகள் எல்லாம் எளிதில் கிடைக்கும். பலகையோடு ஒட்டிச் சால்டர் செய்யாமல், கால்களைச் சற்று நீளமாக விட்டு அரை சென்டிமீட்டர் உயரத்தில் நிறுத்தினால் அடியிலும் காற்று ஓடும், பலகையும் கருகாது. இந்தச் சின்னக் கவனம் ரெசிஸ்டரின் ஆயுளைவிடப் பலகையின் ஆயுளைக் காப்பாற்றும்.

வெள்ளைச் செங்கல் போல இருக்கும் 5 வாட், 10 வாட் சிமென்ட் ரெசிஸ்டர்கள் முரட்டுத்தனமானவை. உள்ளே கம்பிச் சுற்று, வெளியே பீங்கான் உறை. ஒரு நொடிக்கு அளவு மீறிய மின்னோட்டம் வந்தாலும் தாங்கும். மதிப்பு எழுத்திலேயே அச்சாகியிருப்பதால் வண்ண வளையம் படிக்க வேண்டியதில்லை. சோதனை மேசையில் எனக்கு இவைதான் துணை. ஆனால் சூட்டைக் காற்றில் விடுவதைத் தவிர இவற்றுக்கு வேறு வழி தெரியாது. உலோகத்தோடு நன்றாக இறுக்கி வைக்கவும் முடியாது. ஆகவே காற்றோட்டமுள்ள திறந்த விளக்குக்குச் சிமென்ட் ரெசிஸ்டர் பொருந்தும், சிறிய மூடிய பெட்டிக்குப் பொருந்தாது.

அப்படிப்பட்ட பெட்டிக்குப் பொன்னிற அலுமினிய உறை போட்ட வகையே நல்லது. இரு பக்கமும் திருகு ஓட்டைகள் இருக்கும், பெட்டியின் உலோகச் சுவரோடு முறுக்கிவிடலாம். உறைக்கும் உள்ளிருக்கும் கம்பிக்கும் மின்தொடர்பு இல்லை. இதில் ஓர் ஏமாற்றம் காத்திருக்கிறது. 50 வாட் என்று பொறித்திருப்பது, சொன்ன அளவுள்ள உலோகத் தகட்டில் முறுக்கினால் மட்டுமே. அந்தரத்தில் தொங்கவிட்டால் அதில் பாதியைக்கூடத் தாங்காது. டிரான்சிஸ்டர் போன்ற டிஓ-220 உறையில் வரும் பவர் ரெசிஸ்டர்களுக்கும் இதே எச்சரிக்கை இன்னும் கடுமையாகப் பொருந்தும்.

சரியான மதிப்பு கைவசம் இல்லாதபோது நான் மிகவும் விரும்பும் வழி, சிறிய ரெசிஸ்டர்கள் பலவற்றைப் பக்க இணைப்பில் கட்டுவது. 27 ஓம் நான்கைச் சேர்த்தால் 6.75 ஓம். நம் மூன்று எல்இடி விளக்குக்குத் தேவையான 6.8க்கு அருகில் வந்துவிட்டது. 0.83 வாட் நான்காகப் பிரிந்து ஒவ்வொன்றுக்கும் 0.21 வாட்தான் வரும்; அரை வாட் ரெசிஸ்டர்கள் தாராளமாகத் தாங்கும். சூடு ஒரே புள்ளியில் குவியாமல் பரவுகிறது. நான்கில் ஒன்றின் தொடர்பு அறுந்தால் மொத்த ஓம் கூடும், மின்னோட்டம் குறையும். எல்இடிக்கு ஆபத்தில்லாத பக்கமாகவே பழுது ஏற்படும். இந்த ஒரு காரணத்துக்காகவே, இடம் இருக்கும்போதெல்லாம் ஒரு பெரிய ரெசிஸ்டரைவிட நான்கு சிறியவற்றை வைக்கிறேன்.

ரெசிஸ்டரை விட வேண்டிய இடம்

ரெசிஸ்டர் எளிமையானது, மின் இரைச்சல் எழுப்பாது, எளிதில் கெடாது. அதற்காக எல்லா இடத்திலும் அதையே பிடித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

இடைவழியாக எல்எம்317 என்ற மூன்று கால் ரெகுலேட்டர் சிப் இருக்கிறது. அதன் வெளியீட்டு முனைக்கும் சரிசெய்யும் முனைக்கும் இடையே ஒரு ரெசிஸ்டரை வைத்தால், 1.25 வோல்ட்டை அந்த ஓமால் வகுத்த அளவு மின்னோட்டம் நிலையாக ஓடும். 3.6 ஓம் போட்டால் 347 மில்லிஆம்பியர், அந்த ரெசிஸ்டரில் எரிவது அரை வாட்டுக்கும் குறைவு. பேட்டரி 11.5லிருந்து 14.4க்கு ஏறினாலும் எல்இடிக்குத் தெரியாது. ஆனால் அது வேலை செய்யச் சுமார் 3 வோல்ட் இடைவெளி வேண்டும் என்பதால் 12 வோல்ட்டில் இரண்டு வெள்ளை எல்இடிகளுக்கு மேல் கட்ட முடியாது. மிச்ச வோல்ட் அதன் உடலிலேயே சூடாகிறது. இரண்டு எல்இடிகளுக்கு 12 வோல்ட்டில் சுமார் ஒன்றரை வாட், 14.4 வோல்ட்டில் இரண்டரை வாட்டை நெருங்கும். அதற்கும் ஒரு சிறிய ஹீட்சிங்க் வேண்டும். சூடு ஒழியவில்லை, இடம் மாறியிருக்கிறது, அவ்வளவே.

உண்மையாகவே சூட்டைக் குறைப்பது பக் டிரைவர், அதாவது மின்சாரத்தை வேகமாகத் திறந்து மூடி வோல்ட்டை இறக்கும் சுற்று. பிடி4115 போன்ற சிப் கொண்ட விரல் நக அளவுள்ள பலகைகள் 6 முதல் 30 வோல்ட் வரை உள்ளீட்டை ஏற்கும், 0.1 வோல்ட்டை, மின்னோட்டத்தை அளக்க வைத்துள்ள உணர் ரெசிஸ்டரின் மதிப்பால் வகுத்த மின்னோட்டத்தைத் தரும். 0.3 ஓம் என்றால் 333 மில்லிஆம்பியர். கொடுத்த மின்சாரத்தில் பெரும்பகுதி, பெரும்பாலும் 85 விழுக்காட்டுக்கு மேல், எல்இடிக்கே போய்ச் சேரும். 700 மில்லிஆம்பியருக்கு மேலுள்ள எந்த விளக்குக்கும், வாகனத்தில் வைக்கும் எந்த விளக்குக்கும் நான் இதைத்தான் சொல்வேன்.

குறிப்பாக 10 வாட் சதுரச் சில்லு எல்இடிகளுக்கு. அவற்றின் உள்ளே பெரும்பாலும் மூன்று தொடர், மூன்று பக்கம் என்று ஒன்பது சில்லுகள் இருக்கும். 9 முதல் 11 வோல்ட் வரை எங்கே நிற்கும் என்று வாங்கும்போது சொல்ல முடியாது. 12 வோல்ட்டில் ரெசிஸ்டருக்கு மிஞ்சுவது ஒரு வோல்ட்டா மூன்று வோல்ட்டா என்று தெரியாத நிலையில் எந்த ஓமைத் தேர்ந்தெடுப்பது? 19 வோல்ட் அடாப்டருக்குப் போனால் வோல்ட் நிறைய மிஞ்சும், ஆனால் 0.9 ஆம்பியரில் எட்டு வாட்டுக்கும் மேல் ரெசிஸ்டரில் கரியாகும். இங்கே ரெசிஸ்டர் தோற்றுவிடுகிறது. மனமார ஒப்புக்கொள்கிறேன்.

ஹீட்சிங்க்: தகடா, துடுப்பா, காற்றாடியா

பழைய குண்டு பல்பு தன் சூட்டில் பெரும்பகுதியை அகச்சிவப்புக் கதிராக முன்பக்கமே வீசிவிடும். எல்இடி அப்படிச் செய்வதில்லை. அதன் ஒளிக்கற்றை குளிர்ச்சியாக இருப்பதைப் பார்த்து எல்இடி சூடாகாது என்று நம்பியவர்கள் ஏராளம். அதன் சூடு முழுவதும் முதுகு வழியாக, கடத்தல் மூலம் மட்டுமே இறங்கியாக வேண்டும். அந்தப் பாதை ஒரு சங்கிலி: சில்லுக்குள் வெளிச்சமும் சூடும் பிறக்கும் சந்தியிலிருந்து அடிப்பாகம், அங்கிருந்து நட்சத்திர வடிவ அலுமினியப் பலகை, பிறகு இடைவெளியை நிரப்பும் தெர்மல் பேஸ்ட், ஹீட்சிங்க், கடைசியில் காற்று. ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு வெப்பத்தடை உண்டு. ஒரு வாட்டுக்கு இத்தனை டிகிரி என்று அதைச் சொல்வார்கள். ஓம் விதி போலவே கூட்டிப் பெருக்கினால் போதும்.

மூன்று எல்இடிகளும் சேர்ந்து 3.4 வாட் எடுக்கின்றன. அதில் 2.7 வாட் சூடாகிறது என்று சற்றுக் கூட்டியே வைத்துக்கொள்வோம். பெட்டிக்குள் காற்று 40 டிகிரி. வாட்டுக்கு 10 டிகிரி ஹீட்சிங்க் ஒன்றில் மூன்றையும் வைத்தால் ஹீட்சிங்க் 67 டிகிரிக்குப் போகும். அங்கிருந்து சந்தி வரை ஒவ்வொரு எல்இடிக்கும் வாட்டுக்கு 14 டிகிரி என்றால், தலைக்கு 0.9 வாட்டுக்கு இன்னும் 13 டிகிரி. ஆக 80. மிக நல்ல இடம். அதையே வாட்டுக்கு 30 டிகிரி உள்ள சின்னத் துண்டில் வைத்தால் சந்தி 130 டிகிரியைத் தாண்டும். சில டேட்டாஷீட்கள் 150 வரை அனுமதிக்கும். விலை மலிந்த ஒரு வாட் எல்இடிகள் பலவற்றுக்கு எல்லை 120 அளவிலேயே முடிந்துவிடுகிறது. எல்லைக்குள் இருந்தாலும் சூட்டில் வெளிச்சம் மங்கும், ஆயுள் குறையும். சிவப்பும் ஆம்பரும் வெள்ளையைவிட மிக வேகமாக மங்கும். செடி வளர்க்கும் விளக்கு செய்கிறவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும். நான் 85 டிகிரியைக் குறியாக வைக்கிறேன்.

கடையில் வாங்கும் துடுப்பு ஹீட்சிங்குக்கு இந்த எண் எழுதியிருக்கும். வெறும் தகட்டுக்கு? காற்று தானாக மேலெழும் வெப்பச் சலனமும் கதிர்வீச்சும் சேர்ந்து, 100 சதுர சென்டிமீட்டர் பரப்பு ஏறத்தாழ வாட்டுக்கு 10 டிகிரி தரும். இரு பக்கமும் காற்றுப்படும் 10 சென்டிமீட்டர் சதுரத் தகட்டின் பரப்பு 200. ஆகவே வாட்டுக்கு 5 டிகிரி. ஓரங்களுக்குச் சூடு போய்ச் சேரத் தயங்குவதால் உண்மையில் கொஞ்சம் மோசமாக இருக்கும். ஒரு வாட் சூட்டுக்கு 50 சதுர சென்டிமீட்டர் என்று நினைவில் வைத்தால் சூடு 20 டிகிரி அளவில்தான் ஏறும்; இடம் இல்லை என்றால் 30 சதுர சென்டிமீட்டர் வரை இறங்கலாம், அதற்குக் கீழே வேண்டாம்.

மூன்று மில்லிமீட்டர் அலுமினியத் தகடு எனக்கு மிகவும் பிடித்த ஹீட்சிங்க். அறுக்கலாம், துளையிடலாம், வளைக்கலாம், எல்இடிகளைத் தள்ளித் தள்ளி வைக்கலாம். நீள விளக்குக்கு அலுமினியச் சேனல் இன்னும் நல்லது: 2 சென்டிமீட்டர் அகலமும் ஒன்றரை சென்டிமீட்டர் பக்கங்களும் உள்ளதில் ஒவ்வொரு சென்டிமீட்டர் நீளத்துக்கும் 10 சதுர சென்டிமீட்டர் பரப்பு கிடைக்கும். நம் மூன்று எல்இடிகளுக்கு 14 சென்டிமீட்டர் நீளமே போதும். 20 வைத்தால் நிம்மதி.

துடுப்பு ஹீட்சிங்கை எல்லோரும் பார்த்தவுடன் மதிக்கிறார்கள். துடுப்புகளின் இடைவெளியைத்தான் முதலில் பார்க்க வேண்டும். காற்றாடி இல்லாமல் தானாகக் காற்று ஏற வேண்டுமானால் 6 முதல் 10 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும், துடுப்புகள் செங்குத்தாக நிற்க வேண்டும். இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடைவெளியில் நெருக்கமாக அடுக்கியவை காற்றாடிக்காகச் செய்தவை. கணினியின் பழைய பிராசஸர் கூலரைக் காற்றாடியைக் கழற்றிவிட்டுப் பயன்படுத்தினால் அதன் பரப்பில் பாதிகூட வேலை செய்யாது. காற்றாடியோடு பயன்படுத்தினால் 10 வாட் சில்லு அதற்கு ஒரு பொருட்டே அல்ல. 12 வோல்ட் காற்றாடியை 7 வோல்ட்டில் மெதுவாகச் சுற்றவிட்டாலும் போதும். ஆனால் ஒரு நாள் காற்றாடி தூசியடைந்து நிற்கும். அன்றைக்கு என்ன ஆகும் என்பதற்கு விடை வைத்துக்கொண்டுதான் காற்றாடியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஹீட்சிங்கில் ஒரு வெப்ப சுவிட்சைத் திருகி, 70 டிகிரியில் எல்இடியை அணைக்கும்படி செய்வது என் வழக்கம்.

காற்றாடி இல்லாமல் அந்த 10 வாட் சில்லைக் குளிர்விக்கக் கணக்குப் போட்டால், 8 வாட் சூட்டுக்கு 40லிருந்து 85 டிகிரிக்குள் அடங்க, ஹீட்சிங்க் வாட்டுக்கு இரண்டரை டிகிரி அளவில் இருக்க வேண்டும். அது 400 சதுர சென்டிமீட்டர் பரப்பு. உள்ளங்கையைவிடப் பெரிய, கனமான துண்டு. படிக்கும் விளக்கு போன்ற அமைதி வேண்டிய இடத்துக்கு அந்தக் கனத்தைச் சுமப்பது தகும் என்பேன்.

செம்பு அலுமினியத்தைப் போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு வெப்பம் கடத்தும் என்பது உண்மை. நம் அளவில் தடை இருப்பது உலோகத்துக்குள் அல்ல, உலோகத்துக்கும் காற்றுக்கும் இடையில்தான்; ஆகவே செம்பின் பயன் சொற்பம். நிறத்தைப் பொறுத்தவரை, பளபளக்கும் வெற்று அலுமினியத்தைவிட ஆனோடைஸ் செய்தது (மேலே ஆக்சைடு படலம் ஏற்றியது) கதிர்வீச்சில் மிகவும் மேல். கருப்பாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை.

பேஸ்ட் எனும் மெல்லிய படலம்

எவ்வளவு பெரிய ஹீட்சிங்கையும் பயனற்றதாக்கக்கூடியது நடுவில் உள்ள படலம். 20 மில்லிமீட்டர் நட்சத்திரப் பலகையின் அடியில் 0.05 மில்லிமீட்டர் காற்று தங்கிவிட்டால் அதன் தடை மட்டுமே வாட்டுக்கு 6 டிகிரி. அதே இடத்தைச் சாதாரண தெர்மல் பேஸ்ட் நிரப்பினால் 0.2க்கும் கீழே. அரை மில்லிமீட்டர் சிலிகான் பட்டை வைத்தால் ஒன்றரை டிகிரி. ஒரு வாட் எல்இடிக்குப் பட்டையும் பரவாயில்லை. மூன்று வாட்டுக்கு மேல் பேஸ்டும் திருகும்தான்.

பேஸ்ட் குறைவாகவே வேண்டும். இரு உலோகங்களுக்கும் இடையேயுள்ள பள்ளத்தை நிரப்பவே அது, மெத்தை போடுவதற்கு அல்ல. ஓட்டை போட்ட இடத்தில் எழும்பியிருக்கும் பிசிறை அரத்தால் நீவிவிடுங்கள், இல்லாவிட்டால் பலகை ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும். திருகின் தலை சால்டர் முனைகளைத் தொடாமலிருக்க பிளாஸ்டிக் வாஷர் போடுங்கள். தெர்மல் எபாக்சி பசை நன்றாகவே வேலை செய்யும், ஆனால் ஒட்டியதைப் பிரிக்க முடியாது. பழுதான ஒரு எல்இடியை மாற்ற மொத்தத் தகட்டையும் இழக்க நேரும். பலகை இல்லாமல் வெறும் எல்இடியை நேரடியாக ஹீட்சிங்கில் ஒட்டுவதானால், அதன் அடி உலோகம் மின்முனையோடு சேர்ந்திருக்கிறதா என்று மல்டிமீட்டரால் பார்த்துக்கொள்ளுங்கள்.

பவர் ரெசிஸ்டரையும் எல்இடி இருக்கும் அதே ஹீட்சிங்கில் முறுக்கலாமா? ரெசிஸ்டர் 150 டிகிரியைப் பொறுத்துக்கொள்ளும், எல்இடி பொறுக்காது. 12 வோல்ட்டில் ஒற்றை எல்இடி கட்டிய விளக்கில் ரெசிஸ்டரின் மூன்று வாட்டும் சேர்ந்தால் ஹீட்சிங்கின் சுமை நான்கு மடங்காகிறது. தனித் துண்டில் வையுங்கள். ஒன்றிலேயே வைக்க வேண்டிய கட்டாயம் என்றால் எல்இடி கீழேயும் ரெசிஸ்டர் மேலேயும் இருக்கட்டும், சுட்ட காற்று எல்இடியைத் தொடாமல் மேலே போய்விடும்.

கட்டி முடித்த பின்

மல்டிமீட்டரை வோல்ட்டில் வைத்து ரெசிஸ்டரின் இரு முனைகளுக்கும் இடையே அளந்து பாருங்கள். அதை ஓமால் வகுத்தால் மின்னோட்டம். சுற்றை அறுக்க வேண்டியதில்லை. 6.8 ஓமில் 2.38 வோல்ட் என்றால் சரியாக 350 மில்லிஆம்பியர். பிறகு விளக்கை அதன் உண்மையான பெட்டிக்குள் வைத்து மூடி, அரை மணி நேரம் விடுங்கள். திறந்த மேசையில் நன்றாக இருந்த எத்தனையோ விளக்குகள் மூடிய பெட்டிக்குள் தோற்றுப்போயிருக்கின்றன. அகச்சிவப்புத் தெர்மாமீட்டரைப் பளபளக்கும் அலுமினியத்தில் காட்டினால் அது மிகக் குறைவாகக் காட்டும். கருப்பு இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு ஒட்டி அதன் மீது காட்டுங்கள்.

தெர்மாமீட்டர் இல்லாவிட்டால் ரெசிஸ்டரே தெர்மாமீட்டர். அடாப்டரின் வோல்ட் மாறவில்லை என்று பார்த்துக்கொண்டு, ரெசிஸ்டரின் வோல்ட்டை மறுபடி அளந்து பாருங்கள். 2.38 என்பது 2.61 ஆகியிருந்தால் மூன்று எல்இடிகளும் சேர்ந்து 0.23 வோல்ட் இறங்கியிருக்கின்றன, ஒன்றுக்கு ஏறத்தாழ 0.08. டிகிரிக்கு 2 முதல் 3 மில்லிவோல்ட் என்று வைத்தால் சந்தி தொடக்கத்தைவிட 25 முதல் 40 டிகிரி வரை சூடேறியிருக்கிறது. மின்னோட்டமும் கூடியிருப்பதால் உண்மையான ஏற்றம் இதைவிடச் சற்று அதிகமாகவே இருக்கும். எண் ஒரே இடத்தில் நின்றுவிட்டால் பெட்டியை மூடித் திருகிவிடலாம். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை அளக்கும்போதும் ஏறிக்கொண்டே போனால், தகட்டை மாற்றும் முன் ரெசிஸ்டரை ஒரு படி மேலே, 8.2 ஓமுக்கு, மாற்றிப் பாருங்கள்.